ஜர்னலுக்குப் பேப்பர் தயாரிப்பது: இரட்டைப் பத்தியில் போட்டால் படமெல்லாம் சுருங்கிவிடுகிறது, என்ன செய்வது?

மின்னோட்டம்_கோவை:

எல்லோருக்கும் வணக்கம். பவர் எலக்ட்ரானிக்ஸில் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறேன். சோலார் பேனலுக்கான ஒரு டிசி-டிசி கன்வர்ட்டர். சிமுலேஷன் முடிந்தது, ஹார்டுவேரும் ஓடி ரீடிங் எடுத்தாயிற்று. முதலில் மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயின் டிரான்சாக்‌ஷன்ஸ் ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பலாம், அங்கே எடுக்கவில்லை என்றால் எல்செவியர் பதிப்பகத்தின் ஜர்னலுக்குப் போகலாம் என்று கைடு சொல்கிறார்.

என்னிடம் இப்போது இருப்பது தீசிஸுக்காக வேர்டில் அடித்த ஒரு நீண்ட அத்தியாயம். ஒற்றைப் பத்தி, ஒன்றரை வரி இடைவெளி, கிட்டத்தட்ட பக்கத்துக்கு ஒரு படம். அதை ஐஇஇஇ டெம்ப்ளேட்டில் ஒட்டினால் படத்தில் உள்ள எழுத்தே தெரியவில்லை, சமன்பாடுகள் பத்தியைத் தாண்டி ஓடுகின்றன, அட்டவணை பக்கத்துப் பத்தியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. லேபில் ஒரு சீனியர், இதற்கெல்லாம் மெனக்கெடாதே, காசு கொடுத்தால் ஃபார்மேட் செய்து தர ஆள் இருக்கிறது என்கிறார். கொடுத்துவிடலாமா, இல்லை கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக் மென்பொருளைக் கற்றுக்கொண்டு நானே செய்வதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தரவுப்புள்ளி:

முதலில் அந்த டெம்ப்ளேட்டை மூடி வையுங்கள். டெம்ப்ளேட்டில் ஒட்டுவது கடைசி வேலை, நீங்கள் அதை முதல் வேலையாக ஆரம்பித்திருக்கிறீர்கள், அதனால்தான் எல்லாம் உடைகிறது.

தீசிஸ் அத்தியாயம் என்பது இந்தத் துறை உங்களுக்குத் தெரியும் என்று தேர்வாளருக்குக் காட்டுவது. அதில் பூஸ்ட் கன்வர்ட்டர் எப்படி வேலை செய்கிறது என்று நான்கு பக்கம் இருக்கும், இருக்க வேண்டும். ஐஇஇஇ டிரான்சாக்‌ஷன்ஸ் படிக்கிற ஆளுக்கு அது தெரியும். அவருக்கு வேண்டியது உங்கள் சர்க்யூட்டில் புதிதாக என்ன இருக்கிறது, அது எவ்வளவு வேலை செய்கிறது, எந்த இடத்தில் வேலை செய்யாது, இவ்வளவுதான். ஆகவே அத்தியாயத்தை வெட்டிச் சுருக்காமல் ஒரு வெற்றுத் தாளில் இருந்து ஆரம்பியுங்கள். அத்தியாயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேவையானதை மட்டும் எடுங்கள்.

எழுதும் முன் படங்களை முடிவு செய்யுங்கள். நான் பல வருடமாக ரிவ்யூ செய்கிறேன். பேப்பர் கையில் வந்ததும் பெரும்பாலான ரிவ்யூவர்களைப் போலவே தலைப்பு, சுருக்கம், அப்புறம் நேராகப் படங்கள் என்றுதான் போவேன். படம் தெரியவில்லை என்றால் அந்தப் பேப்பர் மேல் இருக்கும் நம்பிக்கை அங்கேயே குறைந்துவிடுகிறது.

ஐஇஇஇ ஜர்னலில் ஒரு பத்தியின் அகலம் 3.5 அங்குலம், ஏறக்குறைய 89 மி.மீ. இரண்டு பத்தியையும் சேர்த்து வைக்கும் படத்துக்கு 7.16 அங்குலம், 182 மி.மீ. எல்செவியரில் ஒற்றைப் பத்திக்கு 90 மி.மீ., முழு அகலத்துக்கு 190 மி.மீ. நீங்கள் மேட்லாப் மென்பொருளில் 7 அங்குல அகலத்தில் 10 பாயின்ட் எழுத்தோடு ஒரு கிராஃப் வரைந்து அதை ஒரு பத்திக்குள் வைத்தால் எழுத்து 5 பாயின்ட் ஆகிவிடும். யாராலும் படிக்க முடியாது. அதனால் வரையும்போதே அகலத்தை 3.5 அங்குலம் என்று வைத்துவிட்டு, எழுத்து 8 பாயின்ட், கோட்டின் தடிமன் ஒரு பாயின்ட் என்று அந்த அளவிலேயே வரையுங்கள். டெம்ப்ளேட்டில் வைத்த பிறகு மவுஸால் மூலையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

மேட்லாப் என்றால் 2020ஏ பதிப்பிலிருந்து எக்ஸ்போர்ட்கிராஃபிக்ஸ் என்ற கட்டளை இருக்கிறது, அதில் வெக்டர் (பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவம்) என்று சொல்லி பிடிஎஃபாக எடுங்கள். வெக்டராக எடுத்தால் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கணக்கே வேண்டாம். கிராஃபை ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள், கோட்டைச் சுற்றிப் புழுதி மாதிரி படியும்.

காசு கொடுத்து ஃபார்மேட் செய்வது பற்றி வேறு யாராவது சொல்லட்டும், எனக்கு அதில் கோபம் அதிகம்.

மின்னோட்டம்_கோவை:

மிக்க நன்றி சார். ஹார்டுவேர் ரிசல்ட் எல்லாம் ஆஸிலாஸ்கோப்பின் திரையை யுஎஸ்பியில் எடுத்த படங்கள்தான். கறுப்புப் பின்னணி, மஞ்சள் நீலம் பச்சைக் கோடுகள். அதை எப்படி 3.5 அங்குலத்துக்கு வரைவது?

தரவுப்புள்ளி:

திரையைப் படம் எடுக்காதீர்கள், டேட்டாவை எடுங்கள். பல ஸ்கோப்களில் திரையின் படம் 800க்கு 480 பிக்சல்தான் வரும். அதை 3.5 அங்குலத்தில் வைத்தால் அங்குலத்துக்குச் சுமார் 228 பிக்சல். ஐஇஇஇ வண்ணப் படத்துக்கும் சாம்பல் படத்துக்கும் 300, வெறும் கோட்டுப் படத்துக்கு 600 கேட்கிறது. அதோடு மெனு, தேதி, கம்பெனி லோகோ, கர்சர் அளவு என்று திரையின் பாதி இடம் தேவையில்லாத விஷயத்துக்குப் போய்விடுகிறது.

அதே சேவ் மெனுவில் வேவ்ஃபார்மை சிஎஸ்வியாகச் சேமிக்கும் வசதி இருக்கும். நேரம் ஒரு நிரலில், ஒவ்வொரு சேனலும் ஒவ்வொரு நிரலில் வரும். அதை மேட்லாபிலோ பைதானிலோ ஏற்றி வெள்ளைப் பின்னணியில் வரையுங்கள், அச்சுக்குப் பெயரும் அலகும் கொடுங்கள். கேட் பல்ஸ் மேலே, இண்டக்டர் கரண்ட் நடுவில், அவுட்புட் வோல்டேஜ் கீழே, மூன்றுக்கும் ஒரே நேர அச்சு. கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்தாலும் எது எந்தக் கோடு என்று தெரியும்.

ஆம்பியர்:

இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பவர் எலக்ட்ரானிக்ஸில் ஸ்கோப் திரையை அப்படியே போடுவது ஒரு வழக்கம், அதற்குக் காரணமும் உண்டு. சிஎஸ்வியிலிருந்து வரைந்த வேவ்ஃபார்ம் பார்க்க சிமுலேஷன் மாதிரியே இருக்கும். ஸ்விட்சிங் நாய்ஸ், ரிங்கிங், புரோபின் ஆஃப்செட் எல்லாம் தெரிகிற திரையின் படத்தைப் பார்த்தால்தான் இது மேஜை மேல் உண்மையிலேயே ஓடியது என்று எனக்கு நம்பிக்கை வரும். நான் ரிவ்யூ செய்தபோது, திரையின் படம் எங்கே என்று கேட்டே எழுதியிருக்கிறேன்.

டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்களில் இங்க் சேவர் என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டால் பின்னணி வெள்ளையாகச் சேமிக்கும். மற்ற கம்பெனிகளிலும் இதே மாதிரி இருக்கும், சேவ் மெனுவில் தேடுங்கள். ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை மைக்ரோ நொடி என்பதைப் படத்தின் மேலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். திரையில் இருக்கும் பொடி எழுத்தை நம்ப வேண்டாம்.

தரவுப்புள்ளி:

ஆம்பியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம்பிக்கை வர வேண்டியது நாய்ஸிலிருந்து; திரையின் கறுப்பு நிறத்திலிருந்து இல்லை. சிஎஸ்வியிலும் அந்த ரிங்கிங் அப்படியே இருக்கும், யாராவது ஸ்மூத் செய்து அழகுபடுத்தாத வரை. வரையும்போது ஃபில்டர் போடாதீர்கள், போட்டால் என்ன ஃபில்டர் என்று எழுதுங்கள். ஸ்டெடி ஸ்டேட் வேவ்ஃபார்மை டேட்டாவிலிருந்து வரையுங்கள். லோடு திடீரென மாறும்போது எடுத்த ஒன்றைத் திரையின் படமாகவே வையுங்கள், பக்கத்தில் ஹார்டுவேர் செட்டப்பின் புகைப்படம். இரண்டு தரப்புக்கும் அது போதும்.

ஹார்டுவேர் புகைப்படம் என்றதும் ஒன்று. லேப் மேஜையில் கிடக்கும் டீ டம்ளர், செருகாத வயர் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து எடுங்கள். எது கன்ட்ரோலர், எது கேட் டிரைவர், எது இண்டக்டர் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

வேர்ட்வாசி:

எல்லோரும் லேடெக் பக்கம் இழுக்கும் முன் நான் சொல்லிவிடுகிறேன். வேர்டிலும் ஒழுங்காகச் செய்யலாம், ஐஇஇஇ இரண்டுக்கும் டெம்ப்ளேட் தருகிறது. வேர்டைப் பற்றிய குறைகளில் பாதி, ஸ்டைல் பயன்படுத்தாமல் ஒவ்வொரு தலைப்பையும் கையால் போல்டு செய்வதால் வருவது.

உங்கள் படம் மங்கலாக வர இன்னொரு காரணம் இருக்கலாம். வேர்ட் கோப்பைச் சேமிக்கும்போது படங்களைத் தானாகவே சுருக்கிவிடும், இயல்பாக அங்குலத்துக்கு 220 பிக்சல் அளவுக்கு. ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, அதில் இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி என்ற பகுதியில் கோப்பில் உள்ள படங்களைச் சுருக்காதே என்று ஒரு டிக் இருக்கிறது. படத்தை உள்ளே வைப்பதற்கு முன்னாலேயே அதைப் போட்டுவிட வேண்டும். ஏற்கெனவே சுருங்கியது திரும்ப வராது, மூலப் படத்தை மறுபடி செருக வேண்டியதுதான்.

சமன்பாடு ஓடுகிறது என்றால் அதை இரண்டு வரியாக உடைக்க வேண்டும், சமக் குறிக்கு முன்போ கூட்டல் குறிக்கு முன்போ. அதற்கு எந்த மென்பொருளும் மந்திரம் வைத்திருக்கவில்லை. முழு அகல அட்டவணை வேண்டும் என்றால் பக்கத்தின் மேலேயோ கீழேயோ வையுங்கள், நடுவில் வைத்தால் இரட்டைப் பத்தி கலைந்துதான் போகும்.

கிண்டி_பழையமாணவி:

வேர்ட்வாசி சொல்வது சரிதான், ஆனாலும் இவருடைய பேப்பரில் சமன்பாடு அதிகம், ஜர்னலும் மாறலாம், அதனால் நான் லேடெக்தான் சொல்வேன். ஐஇஇஇ மறுத்துவிட்டு எல்செவியருக்குப் போக வேண்டி வந்தால், ஐஇஇஇடிரான் கிளாஸை (வடிவமைப்புக் கோப்பை) எடுத்துவிட்டு எல்ஸ்ஆர்டிகிள் கிளாஸைப் போட வேண்டும், முன்பக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சமன்பாட்டு எண், படத்தின் எண், மேற்கோள் எண் எதையும் கையால் தொட வேண்டாம். ஓவர்லீஃப் என்ற இணையதளத்தில் ஆரம்பித்தால் எதையும் நிறுவக்கூடத் தேவையில்லை, இலவசக் கணக்கே போதும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான ஸ்காலர்களுக்கு லேடெக்கில் வரும் உண்மையான தடை கைடுதான். அவர் பிரின்ட் எடுத்துச் சிவப்புப் பேனாவில் திருத்துவார், அல்லது வேர்டில் டிராக் சேஞ்சஸ் கேட்பார். அதற்கு வழி இருக்கிறது தம்பி. ஐஇஇஇடிரானில் டிராஃப்ட்சிஎல்எஸ், ஒன்காலம் என்று இரண்டு ஆப்ஷன் கொடுத்தால் அதே கோப்பு ஒற்றைப் பத்தியாக, இரட்டை வரி இடைவெளியோடு வரும். லைன்நோ பேக்கேஜைச் சேர்த்தால் வரி எண்ணும் வந்துவிடும். அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள், அவர் ஓரத்தில் எழுதட்டும். திருத்திய பிறகு லேடெக்டிஃப் என்ற கருவியில் பழையதையும் புதியதையும் கொடுத்தால் எது மாறியது என்று நிறம் போட்டுக் காட்டும். பின்னால் ரிவ்யூவருக்குத் திருத்தப் பிரதி அனுப்பும்போதும் அதுவே உதவும்.

மின்னோட்டம்_கோவை:

அக்கா, கைடு விஷயம் அப்படியே என் கதை. இது ரொம்ப உதவும். ஓவர்லீஃபில் இன்று ஆரம்பிக்கிறேன். ரெஃபரன்ஸ் எல்லாம் கூகுள் ஸ்காலரிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறேன், அதை மாற்ற வேண்டுமா?

கிண்டி_பழையமாணவி:

ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். ஸ்காலர் தரும் பிப்டெக்கில் (லேடெக்குக்கான ரெஃபரன்ஸ் பதிவில்) பக்க எண் விடுபடும், மாநாட்டுக் கட்டுரை ஜர்னல் கட்டுரை என்று வரும், டிஓஐ (கட்டுரையின் நிலையான அடையாள எண்) இருக்காது. ஸோட்டிரோ என்ற ரெஃபரன்ஸ் மென்பொருளைப் போட்டுக்கொண்டு டிஓஐ எண்ணைக் கொடுத்துச் சேருங்கள், விவரம் ஓரளவு சுத்தமாக வரும். பெட்டர் பிப்டெக் என்ற நீட்சியைச் சேர்த்தால் ஓவர்லீஃபுக்கு எடுத்துப்போவது எளிது.

ஐஇஇஇ பாணியில் கட்டுரைத் தலைப்பின் பெரிய எழுத்துகளை எல்லாம் சின்னதாக்கிவிடும். சிலிக்கான் கார்பைடு என்பதற்கு நீங்கள் போட்ட எஸ்ஐசி சின்ன எழுத்தில் வந்து நிற்கும், சோலார் பேனலின் உச்ச பவரைத் தேடும் முறையின் சுருக்கமான எம்பிபிடியும் அப்படியே. அந்தச் சொற்களைச் சுற்றிச் சுருள் அடைப்புக்குறி போட்டால் தொடாது. ஜர்னல் பெயர் சுருக்க வடிவில் இருக்க வேண்டும், அதற்கு ஐஇஇஇ தரும் சுருக்கப் பட்டியல் கோப்பு டெம்ப்ளேட்டோடு வருகிறது. ஆசிரியர் ஆறு பேர் வரை எல்லார் பெயரும், அதற்கு மேல் என்றால் முதல் பெயரும் மற்றும் பிறர் என்ற லத்தீன் சுருக்கமும்.

சாட்பாட்டில் ரெஃபரன்ஸ் கேட்காதீர்கள். தலைப்பு, ஆசிரியர், வருடம் எல்லாம் நம்பும்படி எழுதித் தரும், தேடினால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு டிஓஐயையும் கிளிக் செய்து, திறக்கும் பக்கத்தில் அதே தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தைத் திருத்த மட்டும் பயன்படுத்தினாலும் ஜர்னலின் விதியைப் படித்துவிடுங்கள். ஏஐ எழுதிய பகுதி இருந்தால் ஐஇஇஇயில் நன்றியுரைப் பகுதியில் சொல்ல வேண்டும், எல்செவியரில் ரெஃபரன்ஸுக்கு முன் தனியாக ஓர் அறிவிப்பு.

சிமெண்டும்மணலும்:

நான் சிவில், இருந்தாலும் படங்கள் பற்றிப் பேசுவதால் வருகிறேன், எங்கள் பக்கத்து மாணவர்களும் இதைப் படிப்பார்கள்.

கான்கிரீட் பேப்பர்களில் எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தின் அடியில் இருக்கும் பட்டையை வெட்டிவிட்டு, 5000 மடங்கு பெரிதாக்கப்பட்டது என்று கீழே எழுதுகிறார்கள். படத்தின் அளவு மாறினாலே அந்த 5000 பொய்யாகிவிடும். பட்டையில் இருக்கும் அளவுகோல் படத்தோடு சேர்ந்தே சுருங்கும், அதனால் அது எப்போதும் உண்மை. பட்டை அசிங்கமாக இருந்தால் வெட்டுங்கள், ஆனால் அதே நீளத்துக்கு அளவுகோலை மறுபடி வரைந்து 10 மைக்ரோமீட்டர் என்று எழுதுங்கள்.

28 நாள் வலிமை என்று ஒரே ஒரு எண் போடுவது அடுத்தது. மூன்று க்யூப் உடைத்திருப்பீர்கள், சராசரியோடு விலகலையும் காட்டுங்கள். 150 மி.மீ. க்யூபா, சிலிண்டரா என்று சொல்லுங்கள். இந்தியத் தரநிலைகளான ஐஎஸ் 516, ஐஎஸ் 10262 என்றெல்லாம் எழுதினால் வெளிநாட்டு ரிவ்யூவருக்கு எண் மட்டும்தான் தெரியும், எதைச் சோதித்தீர்கள், எந்த வேகத்தில் லோடு கொடுத்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். 53 கிரேடு சிமெண்ட் என்பதோடு அதன் வேதிச் சேர்க்கையும் ஓர் அட்டவணையில் வர வேண்டும்.

எங்கள் பக்கம் அமெரிக்க சிவில் பொறியாளர் அமைப்பான ஏஎஸ்சிஇயின் ஜர்னலுக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க: அங்கே ரெஃபரன்ஸ் எண் முறை இல்லை, ஆசிரியர் பெயரும் வருடமும்தான். தரவு எங்கே கிடைக்கும் என்ற அறிவிப்பும் கட்டாயம்.

ஆம்பியர்:

அலகுகள் பற்றி யாரும் சொல்லவில்லை. கிலோஹெர்ட்ஸில் கே சின்ன எழுத்து. மைக்ரோ ஃபாரடுக்கு யு போடாதீர்கள், மியூ போடுங்கள். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள், ஆனால் வரி உடையக் கூடாது. மாறிகள் சாய்வெழுத்தில், அலகு நேரெழுத்தில். லேடெக்கில் எஸ்ஐயூனிட்எக்ஸ் பேக்கேஜ் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். புள்ளி 25 என்று எழுதாமல் 0.25 என்று எழுதுங்கள். ஐஇஇஇயில் அட்டவணைக்கு ரோமன் எண், தலைப்பு மேலே; படத்துக்கு சாதாரண எண், விளக்கம் கீழே. அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக வைக்கவே வைக்காதீர்கள்.

இன்னொன்று, இது ஃபார்மேட் மாதிரி தெரியும், ஆனால் சரக்கு விஷயம். எஃபிசியன்சி கிராஃப் போடுகிறீர்கள் இல்லையா, அதில் கேட் டிரைவரும் கன்ட்ரோலரும் தின்கிற பவரைச் சேர்த்தீர்களா இல்லையா, எதை வைத்து அளந்தீர்கள், பவர் அனலைசரா, நான்கு மல்டிமீட்டரா, இதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். அச்சை 90இலிருந்து 98 வரை நீட்டிக் காட்டுவதில் தப்பில்லை, ஆனால் அளவீட்டுப் பிழை எவ்வளவு என்று சொல்லாமல் அரை சதவீத முன்னேற்றத்தைக் கொண்டாடினால் எந்த ரிவ்யூவரும் கேட்பார்.

புதுவைக்காற்று:

எல்லோரும் இவ்வளவு ஃபார்மேட் பற்றிப் பேசுகிறீர்கள், எல்செவியரில் யுவர் பேப்பர் யுவர் வே என்று பல ஜர்னல்களில் முதல் முறை எந்த ஃபார்மேட்டிலும் அனுப்பலாமே. ஏற்றுக்கொள்ளும் கட்டம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நேரத்தை எழுதுவதில் செலவழிப்பதுதானே சரி?

தரவுப்புள்ளி:

அந்த வசதி உண்மை, ரெஃபரன்ஸின் காற்புள்ளி அரைப்புள்ளிக்காக ராத்திரி கண்விழிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் படிக்க முடியாத படத்துக்கு அது அனுமதி இல்லை. பத்தி இரண்டா ஒன்றா, ரெஃபரன்ஸ் எந்தப் பாணி, இதெல்லாம் அப்புறம் மாற்றலாம். படங்கள், அலகுகள், குறியீடுகள் முழுப் பேப்பரிலும் ஒரே மாதிரி இருப்பது, டியூட்டி சைக்கிளுக்கு ஓரிடத்தில் பெரிய டி, இன்னோரிடத்தில் சின்ன டி என்று வராமல் இருப்பது, இது முதல் நாளே வேண்டும். இது ஒழுங்காக இருந்தால் அளவீட்டையும் ஒழுங்காகச் செய்திருப்பார் என்று படிப்பவர் நினைக்கிறார். அந்த நினைப்பு தவறாகவும் இருக்கலாம், ஆனால் கணக்கு முழுவதையும் திரும்பப் போட்டுப் பார்க்க ரிவ்யூவருக்கு நேரம் இல்லாதபோது அவருக்குக் கிடைக்கும் தடயம் அதுதான்.

எல்செவியருக்குப் போவதாக இருந்தால் முக்கிய முடிவுகளைச் சொல்லும் ஹைலைட்ஸ் தனியாக எழுத வேண்டியிருக்கும், மூன்றிலிருந்து ஐந்து வரி, ஒவ்வொன்றும் இடைவெளியையும் சேர்த்து 85 எழுத்துக்குள். யார் என்ன வேலை செய்தார்கள் என்ற கிரெடிட் அறிக்கையும் கேட்பார்கள், அதில் 14 வகைப் பங்கு இருக்கிறது. கைடோடும் மற்றவர்களோடும் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், அனுப்பும் ராத்திரியில் பேசினால் மனஸ்தாபம்தான் வரும்.

கிண்டி_பழையமாணவி:

காசு கொடுத்து ஃபார்மேட் செய்யும் விஷயத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். ஆங்கிலம் திருத்தித் தருபவரிடம் போவது வேறு, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் டெலிகிராமில் வரும் விளம்பரங்களைப் பாருங்கள். ஃபார்மேட் செய்கிறோம் என்று ஆரம்பித்து, ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள ஜர்னலில் ஒரு மாதத்தில் போட்டுத் தருகிறோம் என்பார்கள், அப்புறம் இரண்டாவது ஆசிரியர் இடம் விலைக்கு இருக்கிறது என்பார்கள். உங்கள் மூலக் கோப்பும் டேட்டாவும் அவர்கள் கையில். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் வேலை, அவர் அனுப்பும் முன்பே வேறு பெயர்களில் ஒரு ஜர்னலில் வந்துவிட்டது. நான்கு வருட உழைப்பு அது. அந்தப் பெண் பட்ட பாட்டை அருகில் இருந்து பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஜர்னல்களின் யுஜிசி-கேர் பட்டியல் இருந்தவரை அதைக் காட்டியாவது சிலரைத் தடுக்க முடிந்தது. 2025 பிப்ரவரியில் யுஜிசி அதை நிறுத்திவிட்டது, இனி பல்கலைக்கழகமும் நாமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜர்னல் கிளாரிவேட் நிறுவனத்தின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்டில் இருக்கிறதா என்று அந்தத் தளத்திலேயே தேடுங்கள், ஜர்னலின் முகப்பில் ஒட்டியிருக்கும் லோகோவை நம்பாதீர்கள். ஸ்கோபஸில் சேர்த்துவிட்டு அப்புறம் நீக்கிய ஜர்னல்களும் இருக்கின்றன. ஐஇஇஇ டிரான்சாக்‌ஷன்ஸிலும் எல்செவியரின் பல ஜர்னல்களிலும் ஓப்பன் ஆக்சஸ் வேண்டாம் என்றால் வெளியிடக் கட்டணம் இல்லை. ஐஇஇஇயில் பக்க வரம்பைத் தாண்டினால் மட்டும் கூடுதல் பக்கத்துக்குக் காசு வரும், அந்த வரம்பை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னோட்டம்_கோவை:

தகவலுக்கு நன்றி அக்கா, அந்தச் சீனியரிடமும் சொல்லிவிட்டேன். ஓவர்லீஃபில் எலும்புக்கூடு தயார். படங்களை 3.5 அங்குலத்தில் மறுபடி வரைந்தபோது அத்தியாயத்தில் இருந்தவற்றில் பாதி தேவையே இல்லை என்று தெரிகிறது. சுருக்கம் எழுதும்போது சிக்குகிறது. 'சமீப காலமாகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் தேவை அதிகரித்து வருகிறது' என்று ஆரம்பித்திருக்கிறேன், கைடு சரி என்றார்.

தரவுப்புள்ளி:

அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். சோலார் பற்றி வரும் ஆயிரம் பேப்பர் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஐஇஇஇயில் சுருக்கத்துக்கு 150இலிருந்து 250 சொல்தான், ஒரே பாரா, அதில் சமன்பாடும் மேற்கோள் எண்ணும் கூடாது. அந்த இடத்தை ஏன் வீணாக்க வேண்டும்? உங்கள் கன்வர்ட்டர் எதைச் செய்கிறது என்று முதல் வாக்கியம். ஏற்கெனவே இருப்பவற்றில் என்ன குறை, அதை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள் என்று அடுத்த இரண்டு. பிறகு ஹார்டுவேர்: எத்தனை வாட், உள்ளே எத்தனை வோல்ட், வெளியே எத்தனை, எத்தனை கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, எந்த லோடில் எவ்வளவு எஃபிசியன்சி. கைடிடம் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், எண்கள் உள்ளதைத்தான் எடுப்பார்.

இதன் ஒரு பகுதியை ஏதாவது மாநாட்டில் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் அதை மேற்கோள் காட்டி, இந்தப் பேப்பரில் புதிதாக என்ன என்பதை அறிமுகத்திலும் கவர் லெட்டரிலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் உங்கள் பழைய பேப்பரே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

மின்னோட்டம்_கோவை:

ஒரு மாநாட்டில் சிமுலேஷன் மட்டும் போட்டிருக்கிறோம் சார், சேர்த்துவிடுகிறேன். சப்மிஷன் தளத்தில் கணக்கு ஆரம்பிக்கிறேன், அங்கே கிவன் நேம், ஃபேமிலி நேம் என்று கேட்கிறது. எனக்கு இனிஷியல்தான், அப்பா பெயர். மாநாட்டுப் பேப்பரில் இனிஷியல் பின்னால் வந்துவிட்டது. இப்போது எதைப் போடுவது?

சிமெண்டும்மணலும்:

இது நம் ஊர் ஆட்கள் எல்லோருக்கும் வருகிற விஷயம். ஃபேமிலி நேம் கட்டத்தில் எதைப் போடுகிறீர்களோ அந்தப் பெயரில்தான் உலகம் உங்களை மேற்கோள் காட்டும். உதாரணத்துக்கு மா. செழியன் என்று வைத்துக்கொள்வோம், அப்பா மாறன். பாஸ்போர்ட் பார்த்து செழியன் மாறன் என்று நிரப்பினால் எல்லா ரெஃபரன்ஸிலும் செ. மாறன் என்று அப்பா பெயர்தான் நிற்கும். கிவன் நேமில் இனிஷியல் எழுத்தை மட்டும் போட்டு ஃபேமிலி நேமில் செழியன் என்று கொடுத்தால் மா. செழியன் என்றே வரும். இரண்டில் எதுவும் தப்பில்லை, ஆனால் ஒன்றை முடிவு செய்து வாழ்நாள் முழுக்க அதையே போடுங்கள்.

ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் வாங்கிவிடுங்கள், 16 இலக்கம், இலவசம். மாநாட்டுப் பேப்பரையும் அதில் சேர்த்துவிட்டால் பெயர் எப்படி அச்சாகியிருந்தாலும் உங்கள் கணக்கில் வந்துவிடும். உங்கள் கைடின் பழைய பேப்பர்களில் அவர் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து அதே மாதிரி போடுங்கள், நீங்களாக விரித்து எழுதாதீர்கள்.

ஆம்பியர்:

பெயரோடு சேர்ந்த இன்னொன்று. பேப்பரை ஏற்றுக்கொண்ட பிறகு புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி) வரும், இரண்டு மூன்று நாளுக்குள் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். அதில் முதலில் ஆசிரியர் பெயர், கல்லூரிப் பெயர், பிறகு சமன்பாடுகள். தட்டச்சு செய்பவர்கள் திரும்ப அமைக்கும்போது கீழ்க்குறி மேலே ஏறிவிடும், மைனஸ் காணாமல் போகும். உங்கள் பிரதியையும் புரூஃபையும் பக்கத்தில் வைத்து ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க வேண்டும், தனியாகச் செய்தால் கண் பழகிப்போய்த் தாண்டிவிடும்.

மின்னோட்டம்_கோவை:

எல்லோருக்கும் நன்றி. மா. செழியன் முறையிலேயே போட்டுவிட்டேன், ஆர்கிட்டும் வாங்கியாயிற்று. கடைசியாக ஒன்று, பைதானின் மேட்பிளாட்லிப்பில் வரைந்த இரண்டு படங்களுக்கு எழுத்துரு சரியில்லை என்று பிடிஎஃப் சரிபார்ப்பில் வருகிறது. டைப் 3 என்று காட்டுகிறது.

கிண்டி_பழையமாணவி:

மேட்பிளாட்லிப் இயல்பாக டைப் 3 எழுத்துருவைத்தான் உட்பொதிக்கும். ஆர்சி பாராம்ஸில் பிடிஎஃப் டாட் ஃபான்ட்டைப் என்ற மதிப்பை 42 என்று மாற்றிவிட்டு அந்த இரண்டு படத்தையும் மறுபடி சேமியுங்கள், ட்ரூடைப்பாகிவிடும். இபிஎஸ் எடுக்கிறீர்கள் என்றால் பிஎஸ் டாட் ஃபான்ட்டைப்புக்கும் அதே 42. மாற்றிய பிறகு பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையில் முழுப் பேப்பரையும் கொடுத்துப் பாருங்கள், டைப் என்ற நிரலில் டைப் 3 எங்கும் இருக்கக் கூடாது, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் எதிரே இஎம்பி (எம்பெடட்) என்ற நிரலில் யெஸ் என்று இருக்க வேண்டும். அது வந்துவிட்டால் அனுப்பலாம் தம்பி.